உத்தரவாதத்தின் விலை

கொழும்பு மாநகரின் வட எல்லையில், களனி கங்கை கடலோடு கலக்கும் இடத்துக்கு அணித்தாக அமைந்திருப்பது மட்டக்குளி. இங்கு வாழும் குடும்பங்கள் பலவற்றுக்கு மோட்டார் வண்டி செல்வத்தின் அடையாளமன்று, பிழைப்பின் கருவி. ஒருவர் அதனை வாடகைக்கு ஓட்டுகின்றார். இன்னொருவர் காலைதோறும் பாடசாலைப் பிள்ளைகளைக் கொட்டாஞ்சேனைக்கு ஏற்றிச் செல்கின்றார். வேறொருவர் புறக்கோட்டையில் ஏற்றிய சரக்கை வெள்ளவத்தைக் கடைகளில் இறக்குகின்றார். பல ஆண்டுச் சேமிப்பும், போதாததற்கு லீசிங் கடனும் சேர்ந்தே இத்தகைய வண்டி ஒன்று வீட்டு வாசலுக்கு வருகின்றது.

வண்டி வாங்குவோர் விற்பனை நிலையத்தில் கைச்சாத்திடும் தாள்களின் நடுவே, இக்காலத்தில் மேலும் ஒரு தாள் நீட்டப்படுவதுண்டு. நீட்டித்த உத்தரவாதம் என்பது அதன் பெயர். இன்னும் சிறிது பணம் கொடுத்தால் இத்தனை ஆண்டுக்கு இயந்திரத்தைப் பற்றிய கவலை வேண்டாம் என்று விற்பவர் கூறுவார். பெருந்தொகை ஒன்றைக் கொடுக்கத் துணிந்துவிட்ட மனத்துக்கு, அதனோடு ஒப்பிடும்போது இச்சிறுதொகை பெரிதாகத் தோன்றாது. எனினும் அத்தாளில் கைச்சாத்திடுவது தகுமா, தகாதா என்பதை அந்த மேசையருகே அமர்ந்து முடிவு செய்தல் இயலாது. அதற்கு முன்னரே சில செய்திகளை அறிந்திருத்தல் வேண்டும்.

முதலில் அறியவேண்டுவது, உத்தரவாதம் மூவகைப்படும் என்பது. சட்டம் தருவது ஒன்று. வண்டியைச் செய்தவர் தருவது மற்றொன்று. பணம் கொடுத்துத் தனியே வாங்குவது மூன்றாவது. முன்னிரண்டும் வண்டியின் விலைக்குள்ளேயே அடங்கியவை. மூன்றாவதற்கே வேறாக விலை உண்டு. முன்னிரண்டையும் அறியாதவர், தமக்கு ஏற்கெனவே உரியதொன்றைக் காசு கொடுத்து மீண்டும் வாங்க நேரலாம்.

சட்டம் தரும் உத்தரவாதம் இலங்கைக்குப் புதியதன்று. பொருள் விற்பனை பற்றிய கட்டளைச் சட்டம் 1896 ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்டது. ஒரு பொருளை இன்ன காரியத்துக்கு வேண்டும் என்று சொல்லி, விற்பவரின் தொழிலறிவை நம்பி ஒருவர் வாங்குவாராயின், அப்பொருள் அக்காரியத்துக்கு ஓரளவேனும் தகுதியுடையதாய் இருத்தல் வேண்டும் என்னும் நிபந்தனை, எழுதப்படாவிடினும் ஒப்பந்தத்தில் அடங்கியுள்ளதாக அச்சட்டம் கொள்கின்றது. ஆயினும் இப்பாதுகாப்புக்கு எல்லைகள் உண்டு. வாங்குபவர் பொருளைப் பரிசோதித்திருந்தால், அப்பரிசோதனையில் தெரிந்திருக்கவேண்டிய குறைகளுக்கு அவர் பின்னர் விற்பவரைப் பொறுப்பாக்குவது கடினம். வண்டியைச் சுற்றிப் பார்த்து, சிறிது தூரம் ஓட்டியும் பார்த்து, எல்லாம் நன்றென்று ஏற்றுக்கொண்டவர் இதனை நினைவிற் கொள்ளல் நன்று.

பின்னர் 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ்ப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபை நிறுவப்பட்டது. வெளிப்படையாகவோ உட்கிடையாகவோ கொடுக்கப்பட்ட உத்தரவாதத்துக்குப் பொருந்தாத பொருளை ஒருவர் விற்றிருந்தால், அதுபற்றிய முறைப்பாட்டை விசாரிக்கும் அதிகாரம் அச்சபைக்கு உண்டு. ஆகவே, “உத்தரவாதத் தாள் வாங்காதவருக்கு உரிமை எதுவும் இல்லை” என்று எவரேனும் சொன்னால் அது சரியன்று.

இரண்டாவது, வண்டியைச் செய்த நிறுவனம் தரும் உத்தரவாதம். இது நெடுங்காலம் வாங்குவோருக்குக் காவலாக அன்றி, செய்தோருக்கே கவசமாக இருந்தது. இதனை வெளிப்படுத்திய வழக்கொன்று அமெரிக்காவின் நியூ ஜேர்சி மாநிலத்தில் நடந்தது. 1955 ஆம் ஆண்டு மே மாதத்தில் ஹென்னிங்சன் என்பவர் தம் மனைவிக்கு அன்னையர் தினப் பரிசாகப் புதிய பிளிமத் வண்டி ஒன்றை வாங்கினார். வண்டி கைக்கு வந்து பத்து நாட்களே ஆகியிருந்தன; ஓடிய தூரம் 468 மைல். அம்மையார் ஓட்டிச் சென்றபோது முன்புறத்தில் பெரும் ஓசை கேட்டது. திசைமாற்றும் சக்கரம் கையிற் சுழன்றது. வண்டி பாதையை விட்டு விலகிச் சுவரில் மோதியது.

வண்டியைச் செய்த கிறைஸ்லர் நிறுவனமும் விற்ற நிலையமும் உத்தரவாதத்தைக் காட்டின. 90 நாள் அல்லது 4,000 மைல், இவற்றுள் எது முந்துகின்றதோ அதுவரை, குறையுள்ள பாகத்தை மாற்றித் தருவதோடு தம் கடமை முடிந்தது என்பது அதன் சாரம். அவ்வாசகம் வாங்கும் பத்திரத்தின் பின்புறத்தில் சிறிய எழுத்தில் அச்சிடப்பட்டிருந்தது. அக்காலத்தில் அமெரிக்காவின் பெரிய நிறுவனங்கள் யாவும் ஒரே வாசகத்தையே பயன்படுத்தியமையால், வேறு கடைக்குச் சென்றாலும் வாங்குபவருக்கு வேறு வழி இருக்கவில்லை. 1960 ஆம் ஆண்டில் அம்மாநில உயர் நீதிமன்றம், பேரம் பேசும் வலிமையற்ற ஒருவர்மீது இவ்வாறு சுமத்தப்பட்ட வாசகம், வண்டி ஓட்டத் தகுந்ததாய் இருத்தல் வேண்டும் என்னும் அடிப்படைக் கடமையை அழித்துவிடாது எனத் தீர்ப்பளித்தது. ஒப்பந்தத்தில் கைச்சாத்திடாத மனைவிக்கும் நட்ட ஈடு கேட்கும் உரிமை உண்டெனவும் கொண்டது.

அதன்பின் உத்தரவாதமே வியாபாரப் போட்டியின் கருவியாயிற்று. தொண்ணூறு நாள் என்றிருந்தது ஓர் ஆண்டாகவும், கிறைஸ்லர் நிறுவனத்தின் 1963 ஆம் ஆண்டு வண்டிகளில் இயந்திரம் முதலிய இயக்கப் பாகங்களுக்கு மட்டும் 5 ஆண்டு அல்லது 50,000 மைல் எனவும் நீண்டது. வாங்குபவர் நீண்ட உத்தரவாதத்தை விரும்புகின்றார் என்பது தெரிந்ததும், அதனைத் தனியே விலை கூறி விற்கலாம் என்பதும் வியாபாரிகளுக்குத் தெளிவாயிற்று. 1975 ஆம் ஆண்டில் அமெரிக்கா இயற்றிய உத்தரவாதச் சட்டம் இவ்விரண்டையும் பிரித்துக் காட்டியது. பொருளின் விலையோடு சேர்ந்து வருவது உத்தரவாதம். வேறாகக் காசு கொடுத்து வாங்குவது சேவை ஒப்பந்தம். பெயர் எதுவாயினும், நீட்டித்த உத்தரவாதம் என்று விற்கப்படுவது உண்மையில் இவ்விரண்டாவது வகையே. அது பரிசன்று, ஒரு வியாபாரம். வியாபாரம் என்று உணர்ந்தவுடன், என்ன வாங்குகின்றோம், யாரிடம் வாங்குகின்றோம், விலை தகுமா என்னும் மூன்று கேள்விகளும் தாமே எழும்.

யாரிடம் என்னும் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்ளலாம். இலங்கையில் இது சிக்கலானது. வண்டி செய்த நிறுவனத்தின் உள்நாட்டு முகவர் விற்கும் புத்தம்புது வண்டிக்கு, அந்நிறுவனத்தின் உத்தரவாதம் முகவர் வழியாகக் கிடைக்கும். ஆனால் இந்நாட்டின் வீதிகளில் ஓடும் கார்களுட் பெரும்பகுதி ஜப்பானில் சில காலம் ஓடி, ஏலத்தில் விலைபோய், கப்பலேறி வந்தவை. ஜப்பானில் முதல் உரிமையாளருக்குக் கொடுக்கப்பட்ட உத்தரவாதம் பெரும்பாலும் கடல் தாண்டி வருவதில்லை. அத்தகைய வண்டிக்கு விற்பனை நிலையம் உத்தரவாதம் எழுதித் தருமாயின், அது அந்நிலையத்தின் வாக்கே ஆகும். வண்டி செய்த நிறுவனத்தின் வாக்கன்று. தாளின் தலைப்பில் புகழ்பெற்ற நிறுவனத்தின் சின்னம் அச்சிடப்பட்டிருப்பது மாத்திரம் போதாது. பணம் கொடுப்பதாக ஒப்புக்கொண்டு கீழே கைச்சாத்திட்டிருப்பவர் எவர் என்பதே பார்க்கவேண்டுவது.

வாக்குக் கொடுத்தவர் ஐந்தாண்டு கழித்தும் இருப்பாரா என்பது வீண் ஐயமன்று. இவ்வகை ஒப்பந்தங்களைத் தொலைபேசி வழியாகவும் விளம்பரத்தின் வழியாகவும் பெருமளவில் விற்ற யூ.எஸ். பிடெலிஸ் என்னும் நிறுவனம் அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில் இருந்தது. 2010 ஆம் ஆண்டில் அது முறிந்தது. அதனை நடத்திய சகோதரர் இருவரும் 2012 இல் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டனர். வண்டி உத்தரவாதம் விற்பதாகக் கூறிக் கோடிக்கணக்கான தானியங்கி அழைப்புகளை விடுத்த கூட்டம் ஒன்றுக்கு, அந்நாட்டுத் தகவல் தொடர்பு ஆணைக்குழு 2023 ஆகஸ்ட் மாதத்தில் ஏறக்குறைய 30 கோடி டொலர் தண்டம் விதித்தது. இலங்கையில் காப்புறுதி விற்கும் நிறுவனங்களோ 2000 ஆம் ஆண்டின் 43 ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அனுமதி பெற்று, ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் கண்காணிப்பில் இயங்குபவை. ஆகவே, நீட்டித்த உத்தரவாதத்தின் பின்னால் அனுமதி பெற்ற காப்புறுதி நிறுவனம் நிற்கின்றதா, அல்லது விற்பனை நிலையத்தின் சொந்தப் பணப்பெட்டி மாத்திரம் நிற்கின்றதா என்று கேட்டு, விடையை எழுத்திற் பெறுதல் அறிவுடைமை.

அடுத்தது, என்ன வாங்குகின்றோம் என்பது. ஆண்டுக்கணக்கும் தூரக்கணக்கும் சேர்த்தே உத்தரவாதம் எழுதப்படும். இரண்டில் எது முந்துகின்றதோ அதனோடு அது முடியும். ஐந்தாண்டு அல்லது 100,000 கிலோமீற்றர் என்னும் உத்தரவாதம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். மட்டக்குளியிலிருந்து கோட்டைக்கு அலுவலகம் சென்று திரும்பி, ஞாயிறு தோறும் உறவினர் வீட்டுக்கும் போய்வரும் ஒருவர் மாதம் 1,200 கிலோமீற்றர் ஓடினால், ஐந்தாண்டில் 72,000 கிலோமீற்றரே ஆகும். அவருக்கு ஐந்தாண்டும் கிடைக்கும். வாடகைக்கு ஓட்டி மாதம் 4,000 கிலோமீற்றர் ஓடுபவருக்கோ இருபத்தைந்தாம் மாதத்திலேயே 100,000 நிறைந்துவிடும். ஒரே தாள், ஒரே விலை. ஒருவருக்கு ஐந்தாண்டு, மற்றவருக்கு ஈராண்டும் ஒரு மாதமும்.

இதனினும் முக்கியமான செய்தி ஒன்றுண்டு. வாடகைக்கோ வியாபாரத்துக்கோ பயன்படுத்தும் வண்டிக்கு உத்தரவாதம் செல்லாது என்னும் வாசகம் இத்தகைய தாள்கள் பலவற்றிற் காணப்படுவது வழக்கம். வண்டி பழுதானால் அன்றைய வருமானமே நின்றுபோகும் நிலையிலுள்ளவருக்கே பாதுகாப்பு மிகவும் தேவை. அவரையே இவ்வாசகம் வெளியே நிறுத்திவிடுகின்றது. கைத்தொலைபேசி வழியாக வாடகை பெறும் சாரதிகள் இதனைக் கட்டாயம் கேட்டறிதல் வேண்டும். சொந்தத் தேவைக்கென்று எழுதி வாங்கிவிட்டு வாடகைக்கு ஓட்டினால், கொடுத்த பணம் முழுவதும் வீணாகும்.

ஆண்டுக்கணக்கு எந்நாளில் தொடங்குகின்றது என்பதும் கவனிக்கத்தக்கது. புதுவண்டிக்கு நிறுவனத்தின் உத்தரவாதம் மூன்றாண்டு இருக்க, “ஐந்தாண்டு நீட்டித்த உத்தரவாதம்” என்று விற்கப்படுவது, வண்டி வாங்கிய நாளிலிருந்து கணக்கிடப்படுமாயின், புதிதாகக் கிடைப்பது ஈராண்டு மாத்திரமே. விலையை ஐந்தால் வகுத்து மலிவென்று மகிழ்பவர், இரண்டால் வகுத்துப் பார்த்தல் வேண்டும். ஓடிவந்த ஜப்பானிய வண்டியாயின், தூரக்கணக்கு ஏலச் சீட்டில் உள்ள தூரத்திலிருந்தா, பூச்சியத்திலிருந்தா என்பதையும் தெளிவாக்கிக்கொள்ளல் நன்று. ஏலச் சீட்டிலுள்ள தூரமும் வண்டியின் மானி காட்டும் தூரமும் ஒத்துப்போகாதிருந்தால், உத்தரவாதத்தைப் பற்றிப் பேசுமுன் வண்டியையே வாங்கலாமா என்று யோசிக்க வேண்டும்.

எவை அடங்கும், எவை அடங்கா என்பது அடுத்தது. தேய்மானத்தால் மாற்றவேண்டியவை எந்த உத்தரவாதத்திலும் பெரும்பாலும் அடங்கா. டயர், பிரேக் பட்டை, கிளச்சுத் தட்டு, துடைப்பான், மின்குமிழ், வடிகட்டி முதலியன இவ்வகையின. இதில் அநீதி ஏதும் இல்லை. செருப்புத் தேய்வதற்கு எவரும் உத்தரவாதம் கொடுப்பதில்லை. இடர் வேறிடத்தில் உள்ளது. சில இயந்திரங்களில் டைமிங் பெல்ட் என்னும் வார்ப்பட்டை ஒன்று உண்டு. அது ரப்பரால் ஆனது. குறித்த தூரம் ஓடியதும் மாற்றவேண்டியது. மாற்றாது விட்டு அது அறுந்தால், பல வகை இயந்திரங்களில் வால்வுகள் பிஸ்டனோடு மோதி வளையும். பழுது பார்க்கும் செலவு பன்மடங்காகும். உத்தரவாதக்காரர் இயந்திரத்துக்குப் பொறுப்பேற்றவரே ஆயினும், கெட்டுப்போனதற்குக் காரணம் உத்தரவாதத்துள் அடங்காத பட்டை என்று சொல்லி விலகிவிட இடமுண்டு. அடங்காத பாகத்தால் அடங்கிய பாகம் கெட்டால் யார் பொறுப்பு என்னும் ஒரு கேள்விக்குத் தாளில் விடை இருக்கின்றதா என்று பார்த்தல், பாகங்களின் நீண்ட பட்டியலைப் படிப்பதிலும் பயனுடையது.

பராமரிப்புப் பதிவு இன்னொன்று. குறித்த தூரத்துக்கொருமுறை, குறித்த பணிமனையில் எண்ணெய் மாற்றி, புத்தகத்தில் முத்திரை பெற்றிருத்தல் வேண்டும் என்பது பொதுவான நிபந்தனை. ஒருமுறை தவறினாலும் கோரிக்கை மறுக்கப்படலாம். அயலிலுள்ள கராஜில் பாதி விலைக்கு எண்ணெய் மாற்றிப் பழகியவர், இனி அதனைக் கைவிட நேரிடும். அந்த மேலதிகச் செலவும் உத்தரவாதத்தின் விலையோடு சேர்த்து எண்ணப்படவேண்டியதே. பஞ்சிகாவத்தையில் வாங்கிய பழைய பாகத்தைப் பொருத்துவதும், மின்கம்பிகளை வெட்டி எச்சரிக்கை மணி முதலியவற்றை இணைப்பதும் மறுப்புக்குக் காரணமாகலாம். வெப்பமானி உயர்ந்த பின்னும் வண்டியை நிறுத்தாது ஓட்டி இயந்திரம் கெட்டால், அது சாரதியின் கவனக்குறைவு எனப்படும்.

திறந்து பார்க்கும் கூலியும் கேட்டறிதற்குரியது. கியர்ப்பெட்டியில் ஓசை என்று கொண்டுசென்றால், அதனைக் கழற்றிப் பார்த்த பின்னரே காரணம் தெரியும். காரணம் உத்தரவாதத்துக்குப் புறம்பானது என்று தெரியவருமாயின், கழற்றிய கூலி வண்டிக்காரர் தலைமேல் விழும். பாகம் இலவசம், கூலி இலவசமன்று என்னும் உத்தரவாதங்களும் உண்டு. பழைய பாகத்துக்குப் பதிலாகப் புதியது பொருத்துவதால் வண்டியின் மதிப்பு உயர்ந்தது என்று கூறி, செலவில் ஒரு பங்கை உரிமையாளரிடமே கேட்பதும் உண்டு.

உச்ச வரம்பு என்பது இலங்கையர் தம் அனுபவத்தால் நன்கு விளங்கிக்கொள்ளத்தக்கது. ஒரு பழுதுக்கு இத்தனை ரூபாவுக்கு மேல் கொடுபடமாட்டாது என்று தாளில் எழுதப்பட்டிருக்கும். உதாரணமாக, 2021 ஆம் ஆண்டில் ஒருவர் வாங்கிய உத்தரவாதத்தில் அவ்வரம்பு 250,000 ரூபா என்று கொள்வோம். அப்போது ஒரு டொலர் ஏறக்குறைய 200 ரூபா. ஆகவே வரம்பின் உண்மை மதிப்பு 1,250 டொலர். 2022 மார்ச் மாதத்தில் ரூபா வீழத் தொடங்கி, மே மாதமளவில் ஒரு டொலர் 360 ரூபா வரை சென்றது. அதே 250,000 ரூபா 700 டொலருக்கும் குறைந்தது. உதிரிப்பாகங்கள் வெளிநாட்டிலிருந்தே வருகின்றன. அவற்றின் விலை டொலரோடும் யென்னோடும் ஏறும். தாளில் எழுதிய ரூபாவோ அசையாது நிற்கும். உத்தரவாதம் பொய்யாகவில்லை, ஆயினும் அதன் பொருள் ஏறக்குறையப் பாதியாய்க் குறைந்துவிட்டது. நீண்ட காலத்துக்கு வாங்கப்படும் வாக்குறுதி ரூபாவில் அளவிடப்பட்டிருக்கின்றதா, அல்லது பழுதைத் தீர்த்துத் தருவதாக எழுதப்பட்டிருக்கின்றதா என்பது இதனாற் பெரிய வேறுபாடாகின்றது.

வண்டி இறக்குமதிக்கு 2020 ஆம் ஆண்டின் முற்பகுதியில் விதிக்கப்பட்ட தடை, தனியார் வண்டிகளைப் பொறுத்தவரை 2025 பெப்ரவரி 1 ஆம் திகதி முதலே நீங்கியது. அவ்வைந்தாண்டிலும் மக்கள் பழைய வண்டிகளையே பழுது பார்த்து ஓட்டினர். தடை நீங்கியபின் ஹைபிரிட் என்னும் கலப்பு இயக்க வண்டிகளும், முற்றிலும் மின்சாரத்தால் ஓடும் வண்டிகளும் பெருகி வருகின்றன. இவற்றில் மிக விலையுயர்ந்த தனிப் பாகங்களுள் ஒன்று மின்கலத் தொகுதி. உலகில் பல நிறுவனங்கள் மின்சார வண்டியின் மின்கலத்துக்கு 8 ஆண்டு அல்லது 160,000 கிலோமீற்றர் என்னும் தனி உத்தரவாதம் தருகின்றன; அக்காலத்துள் கொள்ளளவு நூற்றுக்கு 70 வீதத்துக்குக் கீழே குறைந்தால் திருத்தி அல்லது மாற்றித் தருவது பலரும் கைக்கொள்ளும் முறை. இவ்வுத்தரவாதம் கொழும்பிற் செல்லுமா, அதனை நிறைவேற்றும் முகவர் இங்கு உளரா என்பதே மின்சார வண்டி வாங்குபவர் கேட்கவேண்டிய முதற் கேள்வி. அதற்கு விடை இல்லையெனில், இருக்கை உறைக்கும் ஒலிபெருக்கிக்கும் கிடைக்கும் உத்தரவாதத்தால் ஆவது சிறிதே.

விலை தகுமா என்பது மூன்றாம் கேள்வி. கற்பனைக் கணக்கொன்றால் இதனை விளக்கலாம். பத்துப் பேர் தலைக்கு 75,000 ரூபா கொடுத்து மூன்றாண்டு உத்தரவாதம் வாங்குகின்றனர். அவர்களுள் ஒருவரின் வண்டி மாத்திரம் பழுதாகி 300,000 ரூபா செலவாகின்றது. சேர்ந்த பணம் 750,000, செலவு 300,000. எஞ்சிய 450,000 ரூபா விற்றவரின் தரகுக்கும், அலுவலகச் செலவுக்கும், இலாபத்துக்கும் போகின்றது. எல்லாருக்கும் கொடுத்ததைவிட மிகுதியாகத் திருப்பிக் கொடுத்தால் இவ்வியாபாரம் நடவாது. ஆகவே சராசரியாகப் பார்த்தால் வாங்குபவர் நட்டப்படுவது இயல்பே. அத்துடன், செய்யும்போது நேர்ந்த குறைகள் பெரும்பாலும் முதல் மாதங்களில் வெளிப்படும். அவை நிறுவனத்தின் உத்தரவாதத்துள் அடங்கும். முதுமையால் வரும் பழுதுகள் பல ஆண்டுகளின் பின் வரும். நீட்டித்த உத்தரவாதம் பெரும்பாலும் இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட அமைதியான காலத்தையே காக்கின்றது.

அவ்வாறாயின் எவரும் அதனை வாங்கலாகாதோ? அவ்வாறும் கூறுவதற்கில்லை. சராசரிக் கணக்கு பத்துப் பேருக்கும் சேர்ந்தது. பழுதான அந்த ஒருவரோ 300,000 ரூபாவை ஒரே நாளில் காண வேண்டும். கையில் அத்தொகை உள்ளவருக்கு அது வருத்தம் மாத்திரமே. கையிலில்லாதவர் வட்டிக்குக் கடன்படுவார். வண்டி கராஜில் நிற்க, லீசிங் தவணை மாத்திரம் தவறாது வரும். தவணை தவறினால் வண்டியே கைவிட்டுப் போகலாம். தாங்கமுடியாத இழப்பைத் தடுக்கச் சிறிது நட்டப்படுதல் பேதைமையாகாது. காப்புறுதியின் தத்துவமே அதுதான். ஆனால் தாங்கக்கூடிய இழப்புக்கு அவ்வாறு செய்தல் வீண். மாதம் 2,100 ரூபாவைத் தனியே சேமித்தால் மூன்றாண்டில் 75,600 ரூபா சேரும்; பழுது வராவிடின் அப்பணம் சேமித்தவர்க்கே உரியது. உத்தரவாதத்தின் விலையை லீசிங் கடனோடு சேர்த்துக்கொள்ளலாம் என்று விற்பவர் சொல்வாராயின், அதற்கும் வட்டி உண்டென்பதை மறத்தலாகாது.

உத்தரவாதமும் காப்புறுதியும் ஒன்றென்று மயங்குதலும் உண்டு. வண்டி தன்னுட் குறையால் கெடுவது உத்தரவாதத்தின் எல்லை. மோதுதல், களவு, தீ, வெள்ளம் ஆகியன முழுமையான காப்புறுதியின் எல்லை. மூன்றாம் தரப்புக் காப்புறுதி சட்டப்படி கட்டாயமானது. ஆயினும் அது பிறருக்கு நேரும் தீங்குக்கே பொறுப்பேற்கும், சொந்த வண்டிக்கன்று. 2016 மே மாதத்திலும் 2025 நவம்பர் இறுதியிலும் களனி பெருகியதைக் கண்டவர்க்கு இவ்வேறுபாட்டை விரித்துரைக்க வேண்டுவதில்லை. வெள்ளநீர் இயந்திரத்துட் புகுந்து கெட்ட வண்டிக்கு எவ்வளவு நீண்ட உத்தரவாதமும் உதவாது. கடற்காற்றின் உப்பால் துருப்பிடிப்பதும் பெரும்பாலும் விலக்கப்பட்டதே. கங்கைக்கும் கடலுக்கும் நடுவே வாழ்பவர், கையிலுள்ள பணம் இரண்டில் ஒன்றுக்கே போதுமாயின், முழுமையான காப்புறுதியையே முதலில் நாடுதல் தகும்.

இறுதியாக, தாளைப் படித்தல். இத்தாள்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் உள்ளவை, எழுத்தோ சிறியது. வாங்குபவர் தமிழோ சிங்களமோ மாத்திரம் அறிந்தவராயின், விற்பவர் வாயால் விளக்கியதையே ஒப்பந்தம் என்று நம்பிக் கைச்சாத்திடுகின்றார். பிணக்கு நேரும்போது வாய்ச்சொல்லை நிறுவுதல் அரிது, எழுத்தே முன்னிற்கும். ஆகவே தாளின் பிரதி ஒன்றை வீட்டுக்குக் கொண்டுசென்று, மொழி அறிந்த ஒருவரைக் கொண்டு படிப்பித்து, இரண்டு நாள் கழித்துக் கைச்சாத்திடலாம். அதற்கு இடந்தராது அன்றே முடிவு கேட்பவரிடம் வாங்காதிருத்தல் நலம். விற்பவர் வாயாற் சொன்ன சிறப்புச் சலுகை எதுவாயினும் அதனைத் தாளில் எழுதித் தரும்படி கேட்கவும் வேண்டும். பணத்துக்குப் பற்றுச்சீட்டுப் பெறுதலும், பராமரிப்புப் பதிவுகள் யாவற்றையும் ஓரிடத்திற் காத்தலும் கட்டாயம்.

கோரிக்கை நியாயமின்றி மறுக்கப்பட்டால், மறுப்பையும் அதன் காரணத்தையும் முதலில் எழுத்திற் பெறல் வேண்டும். பின்னர் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்துமூலம் முறையிடலாம். 1977 என்னும் தொலைபேசி இலக்கத்தில் வழி கேட்டறியலாம். முறைப்பாட்டுக்குக் காலவரையறை உண்டாதலின் தாமதித்தலாகாது. 1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அமைந்த மத்தியஸ்த சபைகளும் சிறு பிணக்குகளைத் தீர்க்க உதவுவன. முழுப் பொறுப்பையும் தட்டிக்கழிக்கும் வாசகங்களுக்கு வரம்பு கட்டுவதற்கென 1997 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்க நியாயமற்ற ஒப்பந்த வாசகங்கள் பற்றிய சட்டமும் இந்நாட்டில் உண்டு. ஆதலின் தாளில் அச்சிட்டதெல்லாம் மீறமுடியாத விதி என்று அஞ்சி ஒதுங்க வேண்டுவதில்லை.

தொகுத்துரைக்குமிடத்து, கையில் ஓரளவு சேமிப்புள்ளவரும், நிறுவனத்தின் உத்தரவாதம் இன்னும் முடியாத புதுவண்டி வைத்திருப்பவரும் நீட்டித்த உத்தரவாதத்துக்கு விரைய வேண்டுவதில்லை. திடீர்ச் செலவைத் தாங்க இயலாதவரும், வரலாறு தெரியாத வண்டியைப் பெருங்கடனில் வாங்குபவரும், பின்னால் நிற்பவர் உறுதியானவர் எனவும், தம் தொழில் விலக்கப்படவில்லை எனவும், வரம்பு போதுமானது எனவும் கண்டால் அதனை வாங்கலாம். இம்மூன்றில் ஒன்றேனும் தெளிவாகாதவிடத்து, அப்பணத்தைக் கொண்டு வண்டியை வாங்குமுன் நம்பத்தகுந்த இயந்திரத் தொழிலாளி ஒருவரைக் கொண்டு நன்கு சோதித்தலும், எஞ்சியதை வங்கியில் இட்டுவைத்தலும் மேலான பாதுகாப்பாகும்.